பீரங்கியும் மின்சாவியும்

2010 டிசம்பர் 10 ஆம் நாள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், போட்டோமாக் ஆற்றங்கரையில் அமைந்த டால்கிரன் கடற்படை ஆய்வு மையத்தில் ஒரு பீரங்கி சுடப்பட்டது. அதில் வெடிமருந்து இல்லை. இணையாகக் கிடந்த இரண்டு உலோகச் சட்டங்களின் வழியே பாய்ந்த மின்னோட்டமே குண்டை உந்தித் தள்ளியது. பீரங்கியின் வாயை விட்டு நீங்கியபோது அக்குண்டு பெற்றிருந்த இயக்க ஆற்றல் 33 மெகாஜூல். அதுவரை அத்தகைய பீரங்கி எதுவும் அவ்வளவு ஆற்றலை எட்டியதில்லை.

அந்நிகழ்வைக் குறித்துப் பேசியவர்கள் குண்டின் வேகத்தைப் பேசினர். அது சென்று தைக்கும் தொலைவைப் பேசினர். பீரங்கிக்குப் பின்னால் வரிசை வரிசையாக நின்ற மின்தேக்கிகளையும், அவற்றின் வாயிலில் காவல் நின்ற சிலிக்கான் வில்லைகளையும் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே. ஆயினும் அன்று நிகழ்ந்தவற்றுள் நிலைத்த பயன் உடையது எது என்று கேட்டால், விடை அந்த வில்லைகளின் பக்கமே இருக்கிறது. அவை எங்கிருந்து வந்தன என்னும் வினாவோ, போர்க்கருவிகளையும் அறிவியலையும் பற்றி நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு நம்பிக்கையையே அசைத்துப் பார்க்கிறது.

ஒன்பது யூனிட் மின்சாரம்

33 மெகாஜூல் என்பது பேரளவுபோல் ஒலிக்கும். வீட்டு மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் 3.6 மெகாஜூலுக்குச் சமம். ஆகவே அக்குண்டு சுமந்து சென்ற ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட் மட்டுமே. ஒரு கிலோவாட் இஸ்திரிப் பெட்டியை 9 மணி நேரம் இயக்கினால் அவ்வளவு மின்சாரம் செலவாகிவிடும். இத்தகைய பீரங்கிகளில் சேமித்த ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும் என்பதைச் சேர்த்துக்கொண்டு, மூன்று மடங்கு எனக் கணக்கிட்டாலும், 30 யூனிட்டைத் தாண்டாது.

வியப்பு அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி 9 மணி நேரம் உண்ணும் ஆற்றலை, ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்திற்குள் குண்டின்மீது இறக்க வேண்டும். அவ்வாறு இறக்கும்போது திறன் 330 கோடி வாட் ஆகிறது. எந்தக் கப்பலின் மின்னாக்கியும் இதனை நேரடியாகத் தர இயலாது. எனவே மின்னாக்கி சில நொடிகளோ சில நிமிடங்களோ உழைத்து மின்தேக்கிகளை நிரப்புகிறது. நிரம்பியதை ஒரே துடிப்பாகத் திறந்துவிடுகின்றனர். துடிப்புத் திறன் வழங்கி என்பது இதுவே.

பீரங்கியின் இயக்கம் எளியது. ஒரு சட்டத்தின் வழியே சென்ற மின்னோட்டம், இரு சட்டங்களுக்கும் நடுவே வழுக்கிச் செல்லும் உலோகக் கட்டையைக் கடந்து, மற்றொரு சட்டத்தின் வழியே திரும்புகிறது. சட்டங்களுக்கிடையே எழும் காந்தப்புலமும் கட்டையில் பாயும் மின்னோட்டமும் கூடி, கட்டையை முன்னோக்கித் தள்ளுகின்றன. இவ்விசை மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். பத்து இலட்சம் ஆம்பியர் பாய்ந்தால், வழக்கமான அமைப்பொன்றில் ஏறத்தாழ 25 டன் எடைக்குச் சமமான விசை கிடைக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். பள்ளி ஆய்வகத்தில் ஒரு காந்தம், ஒரு மின்கலம், ஒரு கம்பி ஆகியவற்றைக் கொண்டு காட்டப்படும் லாரன்ஸ் விசைதான் இங்கும் செயற்படுகிறது. இதில் அரிய மறைபொருள் ஏதுமில்லை. அரிய பகுதி வேறோரிடத்தில் உள்ளது.

மதகின் இரு கடமைகள்

ஏரி நிரம்பியிருக்கும்போது மதகு ஒரு சொட்டும் கசியாமல் தாங்க வேண்டும். திறக்கும் கணத்தில் அது இருந்த சுவடே தெரியாமல் வழிவிட வேண்டும். மின்தேக்கிக்கும் பீரங்கிக்கும் இடையே நிற்கும் மின்சாவிக்கு, அதாவது சுவிட்சுக்கு, விதிக்கப்பட்டதும் இதுவே. மூடிய மதகாய் ஏறத்தாழ 10,000 வோல்ட் அழுத்தத்தைத் தாங்கி நிற்க வேண்டும். ஆணை வந்ததும் பல பத்தாயிரம் ஆம்பியருக்கு வழியாக மாற வேண்டும். வீட்டுச் சுவரில் உள்ளதுபோன்ற தொடுமுனைச் சாவி இவ்வேலைக்கு உதவாது. முனைகள் ஒன்றையொன்று தொடுமுன்னரே இடைவெளியில் மின்வில் பாயும். தொட்டபின் அவை உருகி ஒட்டிக்கொள்ளும்.

தொடக்கக் காலத்தில் இப்பணியைத் தீப்பொறி இடைவெளிகள் செய்தன. இரண்டு மின்வாய்களுக்கு நடுவிலுள்ள வளியைப் பொறியால் கடத்தியாக்கும் முறை அது. ஒவ்வொரு பொறியும் மின்வாயைச் சிறிது அரித்துச் செல்லும். நாளடைவில் சாவி எக்கணத்தில் மூடும் என்பதே உறுதியற்றுப் போகும். அடுத்து வந்தது இக்னைட்ரான். 1930களில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஜோசப் ஸ்லெப்பியன் உருவாக்கிய இக்கருவியில், பாதரசக் குட்டை ஒன்று எதிர்மின்வாயாக அமைந்தது. அது பெரும் மின்னோட்டத்தைத் தாங்கியது. ஆனால் பாதரசம் நீர்மம். கருவி நிமிர்ந்தே நிற்க வேண்டும். அலையில் சாய்ந்தாடும் கப்பலுக்கு அது ஏற்றதன்று. உடைந்தால் நச்சு.

இவற்றுக்கு மாற்றாக வந்ததே திண்மநிலை மின்சாவி. அதில் அசையும் உறுப்பும் இல்லை, வளியும் இல்லை, நீர்மமும் இல்லை. அதன் முதன்மையான வடிவம் தைரிஸ்டர். 1957 இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் கோர்டன் ஹால் தலைமையிலான பொறியாளர்கள் அதனைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர்.

தைரிஸ்டரில் பி, என் வகைக் குறைகடத்தி அடுக்குகள் மாறி மாறி நான்கு உள்ளன. இதனை ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு டிரான்சிஸ்டர்களாகக் கருதலாம். வாயில் எனப்படும் மூன்றாவது முனையில் சிறு மின்னோட்டம் தரப்பட்டதும், முதலாவது டிரான்சிஸ்டர் இரண்டாவதைத் தூண்டும். இரண்டாவது முதலாவதை மேலும் தூண்டும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்து, இமைப்பொழுதுக்கும் மிகக் குறைந்த நேரத்தில் வில்லை முழுவதும் கடத்தியாகிவிடும். அதன்பின் வாயிலுக்கு அதிகாரம் இல்லை. பாயும் மின்னோட்டம் தானே வற்றினால்தான் சாவி மீண்டும் மூடும். வேறு பல பயன்பாடுகளில் இது ஒரு குறை; பீரங்கிக்கோ குறையே அன்று. மின்தேக்கி வெறுமையாகிவிட்டால் துடிப்பு தானாகவே ஓய்ந்துவிடும்.

எனினும் சிலிக்கான் வில்லைக்கும் ஒரு தயக்கம் உண்டு. வாயிலில் தூண்டியவுடன் வாயிலை ஒட்டிய சிறு பகுதி மட்டுமே முதலில் கடத்துகிறது. அக்கடத்தும் பகுதி மைக்ரோநொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்னும் அளவிலேயே பரவுகிறது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லையின் நடுவில் மட்டும் வாயில் இருந்தால், விளிம்பை எட்ட 500 மைக்ரோநொடி ஆகும். அதற்குள் மின்னோட்டம் உச்சத்தை நோக்கிப் பாய்ந்தால், ஊசிமுனை அளவு இடத்தில் வெள்ளம் முழுவதும் நெருங்கி, அவ்விடம் உருகித் துளையாகும். இதைத் தவிர்க்கப் பொறியாளர்கள் இரண்டு வழிகளைக் கண்டனர். வயலெங்கும் வாய்க்கால் பிரிப்பதுபோல வாயிலை வில்லையின் பரப்பெங்கும் கிளை கிளையாகப் பிரித்தனர். மின்னோட்டம் பொறுமையாக ஏறும்படி முன்னே ஒரு மின்தூண்டியையும் வைத்தனர்.

வெப்பத்தின் கதை இன்னும் நுட்பமானது. தைரிஸ்டரை இரு பக்கமும் உலோகத் தட்டுகளால் பெரும் விசையுடன் அழுத்திக் குளிர்விப்பது வழக்கம். ஆனால் துடிப்பு ஓய்வதற்குள் வெப்பத்தின் பெரும்பகுதி குளிர்நீரைச் சென்றடைவதில்லை. அந்தச் சில மில்லிநொடிகளில் வில்லையும் அதனை ஒட்டிய உலோகமுமே வெப்பத்தை விழுங்கிக்கொள்ள வேண்டும். சில ஆயிரம் ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் தைரிஸ்டர், ஒற்றைத் துடிப்பில் பல பத்தாயிரம் ஆம்பியரைத் தாங்குவது இதனால்தான். விழுங்கிய வெப்பத்தை அது வெளியேற்றும்வரை அடுத்த குண்டு காத்திருக்கத்தான் வேண்டும்.

ஒரு தைரிஸ்டர் போதாது. அழுத்தத்தைத் தாங்கச் சிலவற்றைத் தொடராக அடுக்க வேண்டும். அவற்றுள் ஒன்று மைக்ரோநொடி பிந்தி விழித்தாலும், மற்றவை தாங்கிய அழுத்தம் முழுவதும் அதன் தலையில் விழும். ஆகவே ஒவ்வொன்றின் அருகிலும் சுமையைப் பகிரும் மின்தடையும் சிறு மின்தேக்கியும் வைக்கப்படுகின்றன; வேறுவேறு மின்னழுத்தத்தில் உள்ள சாவிகளை ஒரே கணத்தில் எழுப்பும் ஆணையை ஒளியிழைகளின் வழியே அனுப்பலாம். மின்தேக்கி வெறுமையானதும் மின்னோட்டம் அதனை எதிர்த்திசையில் நிரப்பிக் கெடுக்காதபடி ஒரு டையோடு மாற்றுவழி தருகிறது. பிரான்சின் செயின்ட் லூயியில் உள்ள பிரெஞ்சு-ஜெர்மன் ஆய்வு நிறுவனத்தின் பெகாசஸ் ஏவியில், 10 மெகாஜூல் ஆற்றல் இவ்வாறு 50 கிலோஜூல் அளவுள்ள 200 பகுதிகளாகப் பிரித்து வைக்கப்பட்டது.

பிரிப்பதற்குக் காரணம் உண்டு. தேர் இழுப்போர் அனைவரும் ஒரே மூச்சில் இழுத்து ஓய்ந்துவிட்டால் தேர் நிலைக்கு வந்து சேராது. அதுபோல் எல்லா மின்தேக்கிகளும் ஒன்றாகத் திறந்தால் மின்னோட்டம் தொடக்கத்திலேயே உச்சத்தை எட்டிச் சரிந்துவிடும். குண்டு ஓடும் நேரமெல்லாம் உந்துதல் சீராக இருக்க, ஒவ்வொரு பகுதியும் தன் முறை வந்தபின் திறக்க வேண்டும். மைக்ரோநொடிக் கணக்கில் இவ்வரிசையைக் காப்பது தீப்பொறிக்கு அரிது, சிலிக்கானுக்கு எளிது.

கடன்பட்டது எது?

போர்க்கருவிகளுக்குச் செலவிடுவதால்தான் அறிவியல் வளர்கிறது, அதன் பயன் பின்னர் மக்களுக்கும் வந்து சேர்கிறது என்னும் கருத்து வலிமையாக வேரூன்றியுள்ளது. மின்காந்த ஏவிகளுக்கு நிதி கேட்போரும் இக்கருத்தையே முன்வைப்பர். இத்துறையின் வரலாற்றைச் சற்றே புரட்டினாலும், கடன் எதிர்த்திசையில் ஓடியிருப்பது தெரியும்.

இக்னைட்ரான் பீரங்கிக்காகப் பிறக்கவில்லை. உலோகத் தகடுகளை ஒட்டும் ஆலைகளுக்கும், மின்சார இரயில்பாதைகளுக்கு நேர்மின்னோட்டம் தரும் நிலையங்களுக்கும் அது பணியாற்றியது. தைரிஸ்டரோ விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கவும் மோட்டாரின் வேகத்தை ஆளவும் பழகிய கருவி. சுவீடன் 1967 முதல் ஓட்டிய ஆர்சி வகை இரயில் என்ஜின்கள் தைரிஸ்டரால் ஆளப்பட்டன. அந்நாட்டின் காட்லாந்துத் தீவுக்குக் கடலடியில் மின்சாரம் அனுப்பிய நேர்மின்னோட்டப் பாதையில், 1970 இல் தைரிஸ்டர் அடுக்குகள் சேர்க்கப்பட்டன. 1972 இல் கனடாவின் ஈல் ரிவர் நிலையம் முழுவதும் தைரிஸ்டராலேயே இயங்கத் தொடங்கியது. உயரழுத்த வில்லைகளுக்கும், அவற்றைத் தொடராக அடுக்கும் கலைக்கும், ஒளியால் எழுப்பும் முறைக்கும் பெரும் பயிற்சிக்களமாக அமைந்தவை இம்மின்பாதைகளே. பீரங்கி ஆய்வகங்கள் அந்த விளைச்சலைப் பெற்றுக்கொண்டன.

இதனினும் தெளிவான சான்று ஆஸ்திரேலியாவில் உள்ளது. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் மார்க் ஒலிபன்ட் 500 மெகாஜூல் ஆற்றலைச் சேமிக்கும் மாபெரும் சுழல்மின்னாக்கி ஒன்றை உருவாக்கினார். அணுத்துகள்களை முடுக்கும் கருவியின் காந்தங்களுக்கு மின்னோட்டம் தருவதே அதன் நோக்கம். அம்முடுக்கி நிறைவேறவில்லை. 1970களில் அதே மின்னாக்கியைக் கொண்டு 3 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 5.9 கிலோமீட்டர் வேகத்தில் ஏவிக்காட்டினர். தண்டவாளப் பீரங்கியின் மீது உலக நாடுகளின் ஆர்வம் மீண்டும் எழுந்தது அதன் பின்னரே. துகள் இயற்பியலுக்காகத் தோண்டிய கிணற்றில் பீரங்கி நீர் இறைத்துக்கொண்டது.

இதற்கு மறுப்பாக நார்வேயின் கிறிஸ்டியன் பிர்க்லாந்தை எடுத்துக்காட்டலாம். துருவ ஒளியை ஆராய்ந்த இவ்வறிஞர், தம் ஆய்வுப் பயணங்களுக்குப் பொருள் தேடும் வழியாக மின்காந்தப் பீரங்கி ஒன்றை வடிவமைத்து 1901 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1903 பிப்ரவரியில் பல்கலைக்கழக அரங்கில் மக்கள் முன்னிலையில் அதனைச் சுட்டபோது குறுக்குச்சுற்று ஏற்பட்டது. பேரொலியுடன் மின்வில் சீறி எழ, கூட்டம் அஞ்சியது. பீரங்கியின் வணிக வாய்ப்பும் அன்றே முடிந்தது. சில நாள்களில், ஒரு விருந்தில் பொறியாளர் சாம் எய்டேயைச் சந்தித்தார். உரம் செய்ய வளிமண்டல நைட்ரஜனைப் பிணைக்க வல்ல பெரும் மின்பொறியை எய்டே தேடிக்கொண்டிருந்தார். அரங்கில் நாணச் செய்த மின்வில்லே தொழிற்சாலை ஆயிற்று. பிர்க்லாந்து-எய்டே முறையும், 1905 இல் தோன்றிய நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனமும் அதன் வழி வந்தவை.

இது பீரங்கி அறிவியலுக்குத் தந்த கொடை என்று சொல்லத் தோன்றும். கூர்ந்து நோக்கினால் பீரங்கி இங்கே தந்தது தோல்வியை மட்டுமே. அந்தத் தோல்விக்குப் பொருள் கொடுத்தது, விளைநிலத்துக்கு உரம் வேண்டும் என்று முன்பே எழுந்திருந்த தேவை. தேவை இல்லாதிருந்தால் அந்த மின்வில் வெறும் விபத்தாகவே நின்றிருக்கும். (நைட்ரேட்டு உரமாவதோடு வெடிமருந்தும் ஆகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.)

ஆனால் ஒரு மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளுக்காகவே சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் மிகத் தூய்மையாக்கும் முயற்சி விரைந்தது. அத்தூய்மை இல்லையேல் டிரான்சிஸ்டர் இல்லை. டிரான்சிஸ்டர் இல்லையேல் தைரிஸ்டரும் இல்லை. அதேபோல், மின்னோட்டம் அசுர வேகத்தில் ஏறும் நிலையில் வில்லை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைத் துருவி அறிந்ததில் ஏவி ஆய்வகங்களுக்கும் பங்குண்டு. எனவே போருக்கான ஆய்வு அறிவியலுக்கு ஒன்றுமே தரவில்லை என்று சொல்வது வரலாறாகாது. சொல்லக்கூடியது இவ்வளவே: திண்மநிலைத் துடிப்புச் சாவியைப் பொறுத்தவரை, பீரங்கி தந்தது சிறிது, பெற்றது பெரிது. பெற்றதைத் தந்ததாகக் காட்டி நிதி கேட்பது ஏற்கத்தக்கதன்று.

உழைப்பின் அளவிலும் இரண்டுக்கும் ஒப்பில்லை. அமெரிக்கக் கடற்படை 2005 இல் தொடங்கிய தண்டவாளப் பீரங்கித் திட்டம், ஏறத்தாழ 50 கோடி டாலரை உண்டபின் 2021 இல் நிறுத்தப்பட்டது. பல இலட்சம் ஆம்பியரும் உராய்வும் சேர்ந்து சட்டங்களை விரைவில் தேய்த்துவிடுவது அத்திட்டத்தை விடாது துரத்திய இடர்களுள் ஒன்று. அந்த ஆண்டை ஒட்டியே, சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 800 கிலோவோல்ட் அழுத்தத்தில் 6000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின்னோட்டப் பாதை முழுமை பெற்றது. அப்பாதையின் இரு முனைகளிலும் நிற்பவை தைரிஸ்டர் அடுக்குகள். மாறுமின்னோட்டத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை, நொடிக்கு 50 முறை, ஒவ்வொரு தைரிஸ்டரும் விழித்து உறங்குகிறது. ஆண்டு முழுதும் நில்லாது இயங்கினால் 157 கோடி முறை. சில ஆயிரம் குண்டுகள் சுடுவதையே பெருங்கனவாகக் கொண்ட பீரங்கிச் சாவிக்கு இந்தப் பொறுமை தேவைப்பட்டதே இல்லை.

மின்காந்த ஏவிகளில் நடைமுறைக்கு வந்தது விமானங்களைக் கப்பல்தளத்திலிருந்து ஏவும் கருவி. 2017 இல் பணியில் சேர்க்கப்பட்ட அமெரிக்காவின் ஜெரால்டு ஆர். ஃபோர்டு கப்பலில் நீராவி ஏவிக்கு மாற்றாக அது அமைந்தது. 2022 இல் சீனா நீரில் இறக்கிய ஃபூஜியன் கப்பலிலும் உள்ளது. ஃபோர்டு கப்பலின் ஏவி ஆற்றலைச் சுழலும் மின்னாக்கிகளில் சேமிக்கிறது; திண்மநிலைச் சாவிகள் அதனை வேண்டிய அதிர்வெண்ணாக மாற்றி, நெடுகப் படுக்கவைத்த மோட்டாருக்குத் தருகின்றன. இலகுவான விமானத்துக்கு மெல்லிய உந்துதல், கனமான விமானத்துக்கு வலிய உந்துதல் என்று அளந்து தர முடிவது நீராவியால் இயலாத சிறப்பு. ஆயினும் அதன் நம்பகத்தன்மை இலக்கை எட்டவில்லை என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் சோதனை அலுவலகமே தொடர்ந்து எழுதிவந்தது. ஓர் ஏவியின் மின்பகுதியைப் பிறவற்றிலிருந்து எளிதில் துண்டித்துப் பழுதுபார்க்க இயலாமையையும் அது சுட்டியது. சாவி சிறந்ததாயிருந்தும், பழுதுபார்ப்பவனின் கை நுழைய இடமில்லாத அமைப்பாக அது போயிற்று. மின்பாதை நிலையங்களோ, ஓரிரு தைரிஸ்டர்கள் கெட்டாலும் அடுக்கு தொடர்ந்து இயங்கவும், திட்டமிட்ட நிறுத்தத்தில் அவற்றை மாற்றவும் ஏற்றவாறு தொடக்கத்திலேயே வடிவமைக்கப்படுகின்றன. இருளில் தவிக்கப்போவது ஊர் என்பதால் அங்கே அக்கவனம் பிறந்தது.

அடுத்த தலைமுறைச் சாவியாகச் சிலிக்கான் கார்பைடு கருதப்படுகிறது. சிலிக்கானைவிட ஏறத்தாழ பத்து மடங்கு மின்புல வலிமையை அது தாங்கும். ஆகவே அதே அழுத்தத்தை மிக மெல்லிய வில்லையே தாங்கிக்கொள்ளும். ஏவி ஆய்வகங்கள் அதனை ஆவலுடன் சோதித்துவருகின்றன. அப்படிகத்தைக் குறையின்றிப் பெரிய வில்லைகளாக வளர்ப்பது நெடுங்காலம் அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்தது. டெஸ்லா நிறுவனம் தன் மாடல் 3 மின்மகிழுந்தில் சிலிக்கான் கார்பைடு சாவிகளைப் பொருத்தியது. பிற நிறுவனங்களும் பின்தொடர, தேவை பெருகி ஆலைகள் விரிந்தன. நாளை ஏதேனும் ஒரு கடற்கரையில் சுடப்படும் பீரங்கியின் சாவியும், சாலையில் ஓடும் மகிழுந்துக்காக வளர்ந்த இந்தத் தொழிலிலிருந்தே வரக்கூடும்.